பாட்டி தோட்டில் எத்தனை பட்டை?

செஞ்சிக் கோட்டைக்குப் போனால் மூன்று விஷயங்கள் கட்டாயம் நடக்கும். ஒன்று, ராஜகிரியில் பாதி படி ஏறியதும் ‘இதெல்லாம் நமக்குத் தேவையா?’ என்று தோன்றும். இரண்டு, கையில் இருக்கும் கடலைப் பொட்டலத்தை ஒரு குரங்கு உரிமையோடு வாங்கிக்கொண்டு போகும். மூன்று, கூட வந்த நண்பர் கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து தன் கல்யாணக் கதையை ஆரம்பிப்பார்.

நமக்கு மூன்றும் நடந்தது.

நண்பர் ஆபீஸ் கிளார்க். தை மாதம் கல்யாணம். வரப்போகும் மருமகளுக்கு வைரத் தோடு போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கையில் காசு இல்லை. ஆனால் பீரோவில் பாட்டியின் ஏழுகல் தோடு இருக்கிறது. அதை ஒரு நகைக்கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

“வாங்க தம்பி, உக்காருங்க. காபியா, கூல் டிரிங்ஸா?” என்று ஆரம்பித்த கடைக்காரர், தோட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

“இது பழைய கட்டிங் தம்பி. இதுக்கெல்லாம் இப்ப வேல்யூ கிடையாது. இதக் குடுத்துட்டு புதுசா ரவுண்ட் பிரில்லியண்ட்ல எடுத்துக்கங்க. மேல ஒரு நாப்பதாயிரம் போட்டா போதும்.”

“பழைய கட்டிங்னா என்னங்க?”

“பழைய கட்டிங்னா... பழசு தம்பி!”

இந்த விளக்கத்துக்குப் பிறகு நண்பருக்குத் தூக்கம் போய்விட்டது. கொடுத்துவிடலாமா, கூடாதா? கொடுத்தால் பாட்டி சொத்து போகிறது. கொடுக்காவிட்டால் பி.எஃப். லோன்தான்.

நியாயமான கவலை. ஆபீசில் கிரிக்கெட் ஸ்கோர் முதல் டி.ஏ. பாக்கி வரை விரல் நுனியில் வைத்திருக்கும் நாம், வைரக் கடைக்குள் நுழைந்ததும் எல்.கே.ஜி. குழந்தையாகிவிடுகிறோம். ‘கட்டிங்’ என்றால் நமக்குத் தெரிந்தது முடி வெட்டுவது. ‘பட்டை’ என்றால்... சரி, அதை விடுங்கள்!

செஞ்சியில் வைரமா?

‘வைரத்தைப் பற்றிப் பேச இந்த மொட்டைப் பாறைதானா கிடைத்தது?’ என்று கேட்காதீர்கள். இங்கே வைரம் விளையவில்லை. ஆனால் வைரக் கதையில் செஞ்சிக்குப் பங்கு உண்டு.

சத்ரபதி சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தது 1677-ல். அவருடைய மகன் ராஜாராம், அவுரங்கசீப் படையிடமிருந்து தப்பி 1689-ல் இங்கே வந்து சேர்ந்தார். அதன் பிறகு செஞ்சிதான் மராட்டியருக்குத் தலைநகர் மாதிரி. மொகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் வந்து வளைத்துக்கொண்டு ஏறத்தாழ எட்டு வருஷம் உட்கார்ந்தார். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார். (2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது இந்த ஒன்றுதான்.)

அந்த முற்றுகைக் காலத்தில், 1690-ல், கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையை ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கையான ஷரத்து. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை உள்ள கிராமங்கள் கம்பெனிக்கு! குண்டு கொஞ்சம் தாராளமாகவே போய் விழுந்தது. அந்தக் கிராமங்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்தது. கோட்டைக்குப் பெயர், செயின்ட் டேவிட் கோட்டை.

வியாபாரத்தை முடித்தவர் சென்னையின் கவர்னர் எலிஹு யேல். கம்பெனி சம்பளத்தில் யாரும் பணக்காரராக முடியாது. மனுஷர் தனியாகச் செய்த ‘சைடு பிசினஸ்’களில் முக்கியமானது வைரம். கோல்கொண்டா சுரங்கங்களின் கற்கள் சென்னை வழியாகத்தான் லண்டனுக்குக் கப்பல் ஏறின. சொந்த லாபம் பார்த்தார் என்ற புகாரில் 1692-ல் யேலுக்குப் பதவி போனது, பணம் போகவில்லை. பின்னாளில் அவர் நன்கொடையாக அனுப்பிய சாமான்களை அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி 562 பவுண்டுக்கு விற்று, நன்றியாக அவர் பெயரை 1718-ல் வைத்துக்கொண்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான்!

நம்ம ஆட்கள் ஏன் வெட்டவில்லை?

கோல்கொண்டா சுல்தான் நாட்டின் கொல்லூர் சுரங்கம்தான் அன்று உலகத்துக்கே வைரம் போட்டது. பிரேசிலில் 18-ம் நூற்றாண்டில் வைரம் அகப்படும் வரை, உலகச் சந்தையில் இந்தியக் கல்தான் ராஜா.

அப்படிப்பட்ட ஊரில் வைரத்தை அதிகம் வெட்டமாட்டார்கள். தெரியாமல் அல்ல, வேண்டாம் என்று. பூமியிலிருந்து வரும்போதே நல்ல வைரம் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஆறு முனை, எட்டு முகம், பன்னிரண்டு விளிம்பு. இதுதான் உத்தமமான கல் என்று பழைய ரத்தினப் பரீட்சை நூல்கள் சொல்கின்றன. நம் சிலப்பதிகாரமும் மதுரைக் கடைத்தெருவைக் காட்டும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் நான்கு குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. அதாவது காக்கைக் கால் மாதிரிக் கீறல், கறை, புள்ளி, கோடு. இன்றைக்கு லேபில் லென்ஸ் வைத்துப் பார்த்து ‘கிளாரிட்டி’ என்று சர்டிஃபிகேட் கொடுக்கிறார்களே, அந்த வேலையை நம்ம ஆட்கள் அப்போதே செய்திருக்கிறார்கள்.

17-ம் நூற்றாண்டில் கொல்லூருக்கே வந்து பார்த்த பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே ஒரு ரகசியத்தை எழுதிவைத்தார். கல் சுத்தமாக இருந்தால், இயற்கையான முகத்தை மட்டும் மெருகேற்றி விட்டுவிடுவார்கள். உள்ளே குறை இருந்தால்தான் அதை மறைக்கச் சின்னச் சின்னதாக நிறையப் பட்டை வெட்டுவார்கள். ‘நிறையப் பட்டை இருந்தால் ஏதோ மறைக்கிறான்’ என்று அர்த்தம். மேக்கப் மாதிரி என்று வையுங்கள்.

ஐரோப்பியர் யோசனை வேறு. எடை போனால் போகட்டும், ஜொலிக்க வேண்டும்.

மூன்றில் இரண்டு பங்கு போச்சு!

இந்த இரண்டு யோசனையும் எப்படி மோதிக்கொண்டன என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம். 1702-ல் கவர்னர் தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் சுமார் 410 காரட் பட்டை தீட்டாத வைரத்தை வாங்கினார். ஜாம்சந்த் முதலில் சொன்ன விலை இரண்டு லட்சம் வராகன். பேரம் பேசிப் படிந்த விலை 48,000 வராகன். (ரங்கநாதன் தெருவில் பேரம் பேசும் நம் தாய்மார்கள் இவரைக் குருவாகக் கொள்ளலாம்.) அதே 1702-ல்தான் செஞ்சி முற்றுகையில் சுல்ஃபிகார் கானோடு இருந்த தாவூத் கான், இப்போது கர்நாடக நவாபாக வந்து சென்னைக் கோட்டையை வளைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தனை கலாட்டாவிலும் மனுஷர் கல்லை விடவில்லை!

லண்டனில் 1704 முதல் 1706 வரை இரண்டு வருஷம் பட்டை தீட்டினார்கள். வெளியே வந்தபோது கல்லின் எடை சுமார் 140 காரட். மூன்றில் இரண்டு பங்கு துண்டாகவும் தூளாகவும் போய்விட்டது. ஆனால் 1717-ல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதி ஆர்லியன்ஸ் கோமகன் அதை வாங்கிய விலை 1,35,000 பவுண்ட். ‘ரீஜென்ட்’ என்ற பெயரில் பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் இன்றும் இருக்கிறது.

கோஹினூர் கதையும் இதேதான். 1851-ல் லண்டன் கண்காட்சியில் வைத்தபோது, கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்று முகம் சுளித்தார்கள். நம்மூர்ப் பாணியில் வெட்டிய கல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜொலிக்கவில்லை. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டுக்கு ரோஷம் வந்து, 1852-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆட்களை வரவழைத்து 38 நாள் தீட்ட வைத்தார். 186 காரட் கல் 105.6 காரட் ஆனது. ஜொலிப்பு வந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கல் காணாமல் போனது.

ஆக, வெட்டினால் எடை போகும், வெட்டாவிட்டால் ஒளி வராது. வைரத் தொழிலின் மொத்தத் தலைவலியும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். நண்பர் தோட்டின் தலைவலியும்தான்.

இருபது வயது இளைஞரின் கணக்கு

எப்படி வெட்டினால் அதிக ஒளி? அதற்குக் கணக்குப் போட்டவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி. பெல்ஜியத்து வைரக் குடும்பத்துப் பிள்ளை, லண்டனில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தார். 1919-ல் அவர் புத்தகம் வந்தபோது வயது இருபதை ஒட்டித்தான். (நாம் அந்த வயதில் டைப்ரைட்டிங் ஹையர் எழுதிக்கொண்டிருந்தோம்.)

விஷயம் இதுதான். வைரத்துக்குள் புகுந்த ஒளி லேசில் வெளியே வராது. உள்சுவரில் 24 டிகிரிக்கு மேல் சாய்வாக மோதினால் அப்படியே திரும்பிவிடும். கண்ணாடியில் இந்தக் கணக்கு 41 டிகிரி. அதனால்தான் கண்ணாடிக் கல்லில் ஒளி அடியில் ஒழுகிவிடுகிறது, வைரத்தில் மாட்டிக்கொள்கிறது.

மேலிருந்து வரும் ஒளி அடியிலுள்ள ஒரு சாய்வில் மோதி, எதிர்ச் சாய்வில் மோதி, திரும்ப உங்கள் கண்ணுக்கே வர வேண்டும். டோல்கோவ்ஸ்கி சொன்ன அளவு: அடிப்பாகச் சாய்வு 40.75 டிகிரி, மேல்பாகச் சாய்வு 34.5 டிகிரி, உச்சியில் தட்டையாக இருக்கும் ‘டேபிள்’ கல்லின் அகலத்தில் 53 சதவிகிதம். இன்றைய ரவுண்ட் பிரில்லியண்டுக்கு அடிப்படை இதுதான். மொத்தம் 57 பட்டை. அடிமுனையிலும் ஒன்று வைத்தால் 58.

கல்லின் அடி ரொம்ப ஆழமானால் இரண்டாவது மோதலில் ஒளி கசிந்து, நடுவில் ஆணித்தலை மாதிரி கறுப்பு தெரியும். ரொம்ப ஆழம் குறைந்தால் நடுவில் வெறிச்சென்று, சுற்றி வெள்ளை வளையம் தெரியும். அதற்கு ‘மீன்கண்’ என்று பெயர். மார்க்கெட்டில் மீனுக்குக் கண் பார்த்து வாங்குகிற நாம், வைரத்துக்கும் கண் பார்க்க வேண்டும்!

சரி, உலகத்திலேயே கடினமான பொருளை எதைக் கொண்டு வெட்டுவது? வைரத்தைக் கொண்டுதான். வைரத் தூளை எண்ணெயில் குழைத்து, சுழலும் இரும்புத் தட்டில் தடவி, அதன்மேல் கல்லை அழுத்திப் பிடிப்பார்கள். வைரம் எல்லாத் திசையிலும் ஒரே கடினம் கிடையாது. கொஞ்சம் இளகிய திசை பார்த்துப் பிடித்தால் தேயும், தப்பான திசையில் பிடித்தால் தட்டுதான் தேயும். கிட்டத்தட்ட மேலதிகாரியிடம் லீவு கேட்கிற மாதிரி! உலகத்து வைரங்களில் பத்தில் ஒன்பது இன்று சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகின்றன.

வட்டமா, சதுரமா, மாவடுவா?

‘கட்’ வேறு, ‘ஷேப்’ வேறு. மேலிருந்து பார்த்தால் தெரியும் உருவம் ஷேப். பட்டைகளை எந்த அளவில், எந்தச் சாய்வில் வெட்டியிருக்கிறார்கள் என்பது கட். அழகான ஷேப்பில் மோசமான கட் இருக்கலாம். பார்க்க ஹீரோ மாதிரி இருந்து, பேசினால் சொதப்புகிற ஆசாமிகள் இல்லையா?

ரவுண்ட்: அதிகம் ஜொலிப்பது. வெட்டும்போது மூலக்கல்லில் பாதிக்குமேல் வீணாகும், அதனால் விலையும் அதிகம்.

பிரின்சஸ்: சதுரம். வீணாவது குறைவு, விலையும் சற்றுக் குறைவு. நான்கு மூலையும் கூர். பாத்திரம் தேய்க்கிற கையில் போட்டால் முனை உடையலாம்.

எமரால்டு: நீள்சதுரம். செஞ்சி யானைக்குளத்துப் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இறங்கும். மினுக்கு குறைவு, கம்பீரம் அதிகம். ஆனால் உள்ளே குறை இருந்தால் அப்படியே தெரிந்துவிடும்.

ஓவல், பேர், மார்க்கீஸ்: முட்டை, நீர்த்துளி, மாவடு. விரல் நீளமாகத் தெரியும், எடைக்குப் பெரிசாகவும் தெரியும். நடுவில் ‘போ டை’ கட்டின மாதிரி கறுப்பு நிழல் விழுகிறதா என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

குஷன்: ஓரம் வளைந்த தலையணை வடிவம். ரீஜென்ட் வைரம் இந்த ரகம்தான். இதற்கு மூதாதை, 18, 19-ம் நூற்றாண்டுகளின் ‘ஓல்டு மைன் கட்’. உயரமான மேல்பாகம், சின்ன டேபிள், பெரிய பெரிய பட்டைகள். கையாலேயே தீட்டியது என்பதால் ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது.

இந்தக் கடைசி ரகத்தைச் சொன்னதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “யோவ், பாட்டி தோடு இப்படித்தான்யா இருக்கு!”

கடையில் வாயைத் திறந்து கேளுங்கள்

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், அதில் நூறு ‘சென்ட்’. ஒரு காரட் ரவுண்ட் கல் நன்றாக வெட்டியிருந்தால் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பத்து சென்ட் கல் சுமார் 3 மில்லிமீட்டர். அகலம் ரொம்பக் குறைந்தால் கல்லுக்குத் தொப்பை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். தொப்பைக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குவார்கள்.

பில்லில் தங்கத்தின் எடை தனி, கல்லின் எடை தனி என்று எழுதச் சொல்லுங்கள். கல்லின் எடைக்கும் தங்க ரேட் போட்டு, கல்லுக்கும் தனியாக ரேட் போட்டால் இரட்டை நஷ்டம்.

ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்குத்தான், வைரத்துக்கு அல்ல. வைரத்துக்கு லேப் சர்டிஃபிகேட் கேளுங்கள். ரவுண்ட் கல் என்றால் அதில் ‘கட்’ கிரேடு என்ன என்று பாருங்கள். ஜி.ஐ.ஏ. நிறுவனம் 2006 முதல் எக்ஸலண்ட் முதல் புவர் வரை ஐந்து கிரேடு கொடுக்கிறது.

‘லேப் டைமண்ட்’ என்றால் போலி அல்ல. அதே கார்பன், அதே கடினம். பூமிக்குப் பதில் மெஷினில் விளைந்தது. கண்ணால் வித்தியாசம் காண முடியாது, விலை பல மடங்கு குறைவு. ஆனால் திரும்ப விற்றால் பெரிதாகத் தேறாது. ‘அமெரிக்கன் டைமண்ட்’ வேறு சமாச்சாரம். அது வைரமே அல்ல, க்யூபிக் சிர்கோனியா. திருச்சி, புதுக்கோட்டை கிராமங்களில் வீட்டுக்கு வீடு பட்டை தீட்டிய செயற்கைக் கல் வரிசையில் வருவது. தொழில் நேர்மையானது. அதை வைரம் என்று சொல்லி விற்றால்தான் மோசடி.

கடைசியாக ஒன்று. கடையின் ஸ்பாட் லைட்டில் கூழாங்கல்லும் மின்னும். “வாசல் வரைக்கும் எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாமாண்ணே?” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒன்றரை வருஷ சேமிப்பு உங்களுடையது!

தோடு என்ன ஆச்சு?

மறுவாரம் நண்பர் வேறொரு வைர வியாபாரியிடம் போனார். பெரியவர் லென்ஸை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “முதல்ல குளிப்பாட்டணும் தம்பி” என்றார். தோடு மூடிக் கட்டியது. முப்பது வருஷத்து எண்ணெயும் சோப்பும் மஞ்சளும் பின்னால் அடைத்துக் கிடந்தன. கழுவி, வெயிலில் காட்டினார். கல்லில் லேசாக நீலம் ஓடியது.

“வீட்ல இதுக்கு என்ன பேர் சொல்லுவாங்க?”

“ப்ளூ ஜாகர்னு பாட்டி சொல்லுவாங்க. சும்மா பெருமைக்குன்னு நெனச்சேன்.”

பெருமை அல்ல. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்துக் கல்லுக்கு அந்த நீலச் சாயல் உண்டு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் உள்ளிருந்து நீலமாக ஒளிர்வது. அந்தப் பெயரைத்தான் தமிழ்நாட்டுப் பாட்டிகள் ஜாகர் ஆக்கிக்கொண்டார்கள். சுரங்கத்தை 1971-லேயே மூடிவிட்டார்கள்.

“பழைய கட்டிங்தான். ரவுண்ட் பிரில்லியண்ட் மாதிரி டியூப் லைட்ல மின்னாது. புதுசா வெட்டலாம், ஒவ்வொரு கல்லுலயும் கணிசமாப் போயிடும். வெட்டாம வெச்சிருந்தா இதுக்குன்னே தேடி வர்றவங்க இருக்காங்க. வித்தே ஆகணும்னா நாலு இடத்துல காட்டிட்டு வில்லுங்க. ‘பழசு’ன்னு சொல்றவன்கிட்ட மட்டும் விக்காதீங்க” என்றார் பெரியவர். கழுவினதற்குக் காசும் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. நண்பரின் அம்மா விளக்கேற்றிவிட்டு, சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டார். திரும்பியபோது பதினான்கு கல்லும் ஒரு தடவை சிவப்பாக, ஒரு தடவை நீலமாக எரிந்தன. அந்தக் காலத்தில் இதை வெட்டினவர்களும் தீபத்து வெளிச்சத்தில் பார்த்துத்தானே வெட்டினார்கள்!

அம்மா கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் கழற்றி டப்பாவில் வைத்தார்.

“மாத்த வேணாம்டா. இது அவளுக்கே இருக்கட்டும். எனக்குக் கல்யாணத்தன்னிக்குப் போட்டுக்க அந்த அமெரிக்கன் டைமண்ட் ஒண்ணு வாங்கிக் குடு, போதும்.”

நண்பர் இப்போது பி.எஃப். லோனுக்கு அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருக்கிறார். மருமகளுக்கு அல்ல. அம்மாவுக்கு ஒரு சின்ன ஒற்றைக்கல் மூக்குத்தி. ரவுண்ட் பிரில்லியண்ட், ஐந்து சென்ட், கட் எக்ஸலண்ட்.

வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாராம்!